வாலுள்ள தேவதைகள்

என் மகளுக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு நாய்கள் வந்து சேர்ந்தன. இரண்டும் ஏற்கெனவே செத்துப்போனவை. ஒன்று அல்சேஷன், பெயர் சார்லி. இன்னொன்று குட்டைக்கால் டாஷ்ஹண்ட், பெயர் இட்சி. சொர்க்கத்திலிருந்து பூமிக்கு அனுப்பப்பட்டு, சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் காவல் தேவதைகளாக வேலை பார்க்கின்றன. எல்லாம் என் மடிக்கணினித் திரையில்தான். உயிருள்ள நாய் வேண்டும் என்று அவள் மூன்று வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாடகை வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அந்த ஏமாற்றத்தைக் கொஞ்சமாவது ஆற்றட்டும் என்று நானே தேடிக் கொடுத்த கார்ட்டூன் அது.

‘ஆல் டாக்ஸ் கோ டு ஹெவன்’ என்ற அந்த அமெரிக்கத் தொடர் 1996-இல் தொடங்கியது. நான் அப்போது இளங்கலை மாணவி. யாப்பருங்கலக் காரிகையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கார்ட்டூன் பக்கம் போகவில்லை. நாற்பது சொச்சம் அத்தியாயங்கள் கொண்ட தொடரை நாற்பது வயதுக்குப் பிறகு மகளோடு சேர்ந்து பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, விடைத்தாள் திருத்திக்கொண்டே, பாதிக் கண்ணால் பார்த்தேன்.

ஒவ்வொரு அத்தியாயமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மேலே சொர்க்கத்தில் அனபெல் என்றொரு தலைமைத் தேவதை. ஒல்லியான, இளஞ்சிவப்பு நிற நாய். பூமியில் யாரோ துன்பத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். சார்லியையும் இட்சியையும் கூப்பிட்டு வேலையைக் கொடுப்பாள். சார்லி தட்டிக்கழிப்பான், குறுக்குவழி தேடுவான், சொதப்புவான். இட்சி பயந்து நடுங்குவான். சாஷா என்ற பெண் நாய் இரண்டு பேரையும் அதட்டி வழிக்குக் கொண்டுவருவாள். கடைசியில் துன்பம் தீரும். விளம்பரத்தைக் கழித்தால் இருபத்திச் சொச்சம் நிமிடம்.

மகள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். தமிழ் வகுப்பில் காப்பியங்களைப் பிரித்துப் போட்டுப் பழகிய நான் வேறு எதையெல்லாமோ கவனித்தேன். அனபெலுக்கு எதிரி பெல்லடோனா. நரகத்தின் பெண். அனபெலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. இந்த இருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒரே நடிகை, பெபே நியூவிர்த். தேவதைக்கும் பிசாசுக்கும் ஒரே தொண்டை. உத்தமி, துர்க்குணவதி என்று பெண்ணை இரண்டாக வெட்டி வைப்பது எல்லா ஊர்க் கதைகளிலும் நடப்பதுதான். ஆனால் வெட்டிய இரண்டு துண்டுக்கும் ஒரே குரல் என்பது எனக்குப் பிடித்திருந்தது. மகளிடம் சொன்னேன். “அது எனக்கு முதல்லயே தெரியும்” என்றாள்.

இந்தத் தொடருக்கு ஒரு தாய்ப்படம் உண்டு. டான் பிளூத் இயக்கி, அதே பெயரில் 1989 நவம்பரில் வெளியானது. 1939-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடக்கும் கதை. சூதாட்ட விடுதி நடத்தும் சார்லியை அவனுடைய கூட்டாளியே கொன்றுவிடுகிறான். சார்லி செய்தது முழுக்கத் தில்லுமுல்லு. ஆனாலும் சொர்க்கம் கிடைத்துவிடுகிறது. மனிதரைப் போல இல்லாமல் நாய்கள் பிறவியிலேயே விசுவாசமும் அன்பும் உள்ளவை, அதனால் எல்லா நாய்களுக்கும் சொர்க்கம் உண்டு என்பது அங்கே விதி.

விசுவாசத்துக்குச் சம்பளமாகச் சொர்க்கம் என்ற ஏற்பாட்டைக் கேட்டதும் எனக்கு வேறொரு நாய் நினைவுக்கு வந்தது. மகாபாரதத்தின் கடைசியில் பாண்டவர்கள் மலையேறிப் போகிறார்கள். கூடவே ஒரு நாயும் போகிறது. சொர்க்கத்தின் வாசலில், நாயை விட்டுவிட்டு வா என்று இந்திரன் சொல்ல, என்னை நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று தருமன் மறுக்கிறான். அந்த நாயே தர்மதேவதை என்று தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லி எங்களை உருகவைத்தார்கள். அதே மலைப்பாதையில் முதலில் விழுந்தவள் திரௌபதி என்பதை யாரும் சொல்லவில்லை. அவள் ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். அர்ச்சுனன்மேல் அவளுக்குக் கூடுதல் பிரியம், அதற்கான பலன் என்று காரணம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான் தருமன். நாய்க்காக நின்றவன் அவளுக்காக நிற்கவில்லை. அவளும் நம்பித்தான் கூட நடந்தாள்.

இதையும் மகளிடம் சொன்னேன். அவளுக்குத் தருமன்மேல் கோபம் வந்துவிட்டது. நாய்மேல் வரவில்லை.

தாய்ப்படத்தையும் ஒருநாள் சேர்ந்து பார்த்தோம். சொர்க்கத்திலிருந்து ஏமாற்றித் தப்பிவரும் சார்லி, கொலைகாரக் கூட்டாளியிடம் அடைபட்டிருக்கும் ஆன்-மேரி என்ற அநாதைச் சிறுமியை மீட்கிறான். அவளுக்கு விலங்குகளின் பேச்சு புரியும். பந்தயத்துக்கு முன்பே எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று குதிரைகளிடமே கேட்டுச் சொல்லிவிடுவாள். அதற்காகத்தான் அவளை அடைத்துவைத்திருந்தார்கள். மீட்டவனும் அதற்காகத்தான் மீட்டான். உனக்கு அப்பா அம்மா தேடித் தருகிறேன் என்று சொல்லிச்சொல்லி, அவள் திறமையை வைத்துப் பணம் குவிக்கிறான். தண்ணீருக்குள் அவள் மூழ்கும்போதுதான், தன் உயிரா அவள் உயிரா என்ற இடத்துக்கு வந்து, அவளைத் தேர்ந்தெடுத்துச் சாகிறான். அதன் பிறகே அவன் நிஜமான தேவதை. தொடரில் நாம் பார்க்கும் காவல்காரனின் முதல் பாதி, காப்பாற்றுகிறேன் என்று சொல்லிச் சுரண்டிய பாதி. குழந்தைப் படத்தில் இவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆன்-மேரியின் குரல் என் மகளை என்னவோ செய்துவிட்டது. மெல்லிய, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரியான, பிடிவாதமான குரல். பெரியவர்கள் குழந்தைபோலப் பேசும் குரல் இல்லை. நிஜக் குழந்தை. தொடரில் அந்தச் சிறுமி இல்லை என்பதில் மகளுக்கு வருத்தம்.

“அம்மா, அந்தப் பிள்ளைக்குக் குரல் கொடுத்தவங்களுக்கு இப்போ என்ன வயசு இருக்கும்?”

தேடிச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு அவள் தூங்கிய பிறகு தேடினேன்.

அவள் பெயர் ஜூடித் பார்சி. 1978 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவள். நான் பிறந்ததும் அதே வருடம். ஹங்கேரியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அவளுடைய பெற்றோர். சின்ன வயதிலிருந்தே விளம்பரங்களில் நடித்தாள். எழுபதுக்கும் மேற்பட்ட விளம்பரங்கள் என்கிறார்கள். வயதுக்கு மீறிக் குள்ளமாக இருந்ததால், ஏழெட்டு வயதிலும் நாலைந்து வயதுக் குழந்தையாக நடிக்க முடிந்தது. குடும்பம் ஒரு வீடு வாங்க அவள் சம்பாத்தியம் உதவியது. அப்பா அவளையும் அவள் அம்மாவையும் அடித்தார். கொன்றுவிடுவேன் என்று திரும்பத் திரும்ப மிரட்டினார்.

1986-இல் அம்மா காவல்துறையிடம் போனாள். உடம்பில் அடையாளம் எதுவும் தெரியவில்லை. அவளும் வழக்கு வேண்டாம் என்று பின்வாங்கினாள். 1988 மே மாதம், ஒரு பாட்டுத் தேர்வுக்குப் போகுமுன் ஜூடித் உடைந்து அழுதாள். அப்போதுதான் அம்மா அவளை ஒரு குழந்தை உளவியலாளரிடம் கொண்டுபோனாள். தன் கண்ணிமை மயிர்களை அவள் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வளர்த்த பூனையின் மீசை மயிர்களையும் பிடுங்கியிருந்தாள். உளவியலாளர் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கு எழுதினார். துறை விசாரித்தது. விவாகரத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், மகளைக் கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று அம்மா சொன்னாள். பகல் நேரம் ஒதுங்கியிருக்க ஓர் அடுக்கக வீட்டை வாடகைக்கும் பிடித்திருந்தாள். அதைக் கேட்டு வழக்கு முடிக்கப்பட்டது. பழைய வீட்டையும் சாமான்களையும் விட்டுப் போகத் தயங்கிக்கொண்டிருந்தாள் அம்மா.

ஜூலை இறுதியில் அப்பா இருவரையும் சுட்டுக் கொன்றார். இரண்டு நாள் கழித்துத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஜூடித்துக்குப் பத்து வயது.

‘ஆல் டாக்ஸ் கோ டு ஹெவன்’ திரைக்கு வந்தது பதினாறு மாதம் கழித்து. அநாதைச் சிறுமியைச் செத்துப்போன ஒரு நாய் காப்பாற்றும் கதையில், காப்பாற்றப்படும் குரல் அப்போது உயிரோடு இல்லை.

அவள் கல்லறையில் பின்னாளில் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். அதில் அவளைத் தேவதை என்று பொறித்திருக்கிறது.

மடிக்கணினியை மூடினேன். மகள் பக்கத்தில் படுத்திருந்தாள். அவளுடைய கண்ணிமைகளை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அடர்த்தியாக, முழுசாக இருந்தன. அதைப் பார்க்கும்போது என் மகளைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஒரு மாணவியைப் பற்றித்தான் யோசித்தேன்.

அவள் யார் என்று யாருக்கும் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. இரண்டாம் ஆண்டு இளங்கலைத் தமிழ். நான் அந்த வகுப்பின் பொறுப்பாசிரியர். அவளுடைய புருவங்களில் அங்கங்கே மயிர் இல்லாமல் திட்டுத் திட்டாக இருக்கும். பியூட்டி பார்லரில் போய் ஏதோ செய்துகொள்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும், “என்னம்மா, புருவத்தை இப்படி வழிச்சு எடுத்திருக்க?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் என்னிடமிருந்து எடுத்துப் போட முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு வராத காரணத்தைச் சொல்லத் துறை அறைக்கு வந்தாள். வேறு யாரும் இல்லை. முழங்கையைக் காட்டினாள். பிறகு பேசினாள். வீட்டில் அப்பா. அம்மாவுக்கும் அவளுக்கும். பெல்ட், சில சமயம் கை, சில சமயம் ஒரு வாரம் யாரோடும் பேசக் கூடாது என்ற தண்டனை. தனியாக இருக்கும்போது அவள் விரல் தானாகப் புருவத்துக்குப் போய்விடுமாம்.

“குடிப்பாரா?” என்று கேட்டேன்.

“குடிக்க மாட்டாரு மேடம். அதான் யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.”

அம்மாவை வரச் சொன்னேன். வந்தார். நல்ல சேலை கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் எதையும் கேட்குமுன் அவரே சொன்னார். “நாங்க எங்க அம்மா வீட்டுக்குப் போயிடப் போறோம் டீச்சர். எல்லாம் பேசி வச்சிருக்கேன். ஆடி முடியட்டும்.”

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அந்த நிம்மதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. ஒரு பெண் தன் வாயால், தைரியமாக, கிளம்பிவிடுகிறேன் என்று சொல்கிறாள். ஒரு பெண்ணியவாதிக்கு வேறு என்ன வேண்டும்? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். துறைத் தலைவரிடம், “அந்தப் பிள்ளை விஷயம் முடிஞ்சிருச்சு” என்று சொன்னேன். எங்கும் எதையும் எழுதி வைக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு கருத்தரங்கில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தைப் பற்றிப் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருந்தேன்.

ஆடி முடிந்தது. அவள் வரவில்லை. ஆவணியில் அவளுடைய அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். அன்று நான் விடுப்பில் இருந்தேன். கல்யாணம் என்று காரணம் சொன்னாராம். மரியாதையான மனிதர் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவள் கொடுத்திருந்த கைபேசி எண்ணுக்கு அழைத்தால், அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அவள் நன்றாக இருக்கலாம். நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் தெரிந்துகொள்ளவில்லை.

ஜூடித்தின் கதையைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் போனதன் காரணம் இதுதான். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில், 1988-இல், யாரோ ஓர் அதிகாரி கேட்ட அதே வாக்கியத்தை நானும் கேட்டிருந்தேன். கிளம்பப் போகிறேன். அவர் கோப்பை மூடினார். என்னிடம் மூடுவதற்குக் கோப்புகூட இல்லை.

அடிபடும் பெண் ஏன் வெளியேறவில்லை என்று கேட்பது எளிது. அவள் ‘வெளியேறுகிறேன்’ என்று சொன்னதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவது இன்னும் எளிது. குடும்ப வன்முறையைப் பற்றி ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தில் உடன்படுகிறார்கள். பெண் பிரிந்துபோக முடிவெடுக்கும் காலமும் பிரிந்துபோன உடனடிக் காலமும்தான் அவள் உயிருக்கு மிக ஆபத்தான காலம். கட்டுப்பாடு கையைவிட்டுப் போகிறது என்று அவனுக்குத் தெரியும் நேரம் அது. ஆக, கிளம்பப் போகிறேன் என்று ஒருத்தி சொல்லும் நாளில்தான் காவல் தொடங்க வேண்டும். நாம் அன்றைக்குப் பார்த்து வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

அந்தத் தாய் வீட்டையும் சாமான்களையும் விடத் தயங்கினாள் என்ற வரியை முதலில் படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. உயிரைவிடவா சாமான்? பிறகு யோசித்தேன். மகளின் உழைப்பும் சேர்ந்து உருவான வீடு அது. அதில் அடிப்பவன் இருப்பான், அடிபட்டவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது யார் போட்ட விதி? இங்கே 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழும் வீட்டில் தங்கியிருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்கிறது பதினேழாவது பிரிவு. தேவைப்பட்டால் அவனை வெளியேறச் சொல்லி நீதிமன்றம் ஆணையிடலாம் என்கிறது பத்தொன்பதாவது பிரிவு. நான்காவது பிரிவு என்னைப் போன்றவர்களுக்கானது. வன்முறை நடக்கிறது, நடந்தது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். அடிபட்டவளே வர வேண்டியதில்லை. மனைவிக்கு மட்டும் உரியதும் அல்ல இந்தச் சட்டம். மகளுக்கும் தாய்க்கும் சகோதரிக்கும் உரியது. அன்றைக்கு என் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் உரியது. கருத்தரங்கில் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருந்தேன்.

எங்கள் ஆச்சி வீட்டில் ஒரு கன்னி உண்டு. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது. ஆச்சி வீட்டின் கன்னிமூலையில் ஓர் ஓலைப்பெட்டி இருக்கும். அதற்குள் சிற்றாடை, கண்ணாடி வளையல், ரிப்பன், சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி. தை மாதத்தில் பெட்டியைத் திறந்து, புதுச் சிற்றாடை வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைப்பார்கள். “நம்ம வீட்டைக் காக்குற பிள்ளை” என்பாள் ஆச்சி. அவளுக்கு அக்கா முறை. எப்படிச் செத்தாள் என்று கேட்டால் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்ற பதில்தான் வரும்.

என்னுடைய முனைவர் பட்ட ஆய்வே நாட்டார் பெண் தெய்வங்களைப் பற்றியது. ஊர் ஊராகப் போய், கிணற்றில் விழுந்தவர்கள், தீயில் இறங்கியவர்கள், வெட்டுப்பட்டவர்கள் என்று தெய்வங்களைச் சேகரித்தேன். ‘அகால மரணமடைந்த பெண்கள் தெய்வமாக்கப்படுகின்றனர்’ என்று பல பக்கங்களில் எழுதியிருக்கிறேன். செயப்பாட்டு வினை வசதியானது. செய்தவரைச் சொல்லாமலேயே வாக்கியம் முடிந்துவிடும். கொல்லப்பட்டாள், தெய்வமாக்கப்பட்டாள், வழக்கு முடிக்கப்பட்டது. மாணவிகளுக்கு இலக்கணம் நடத்தும்போது எழுவாய் எங்கே என்று கேட்டுக் குடைகிற நான், என் ஆய்வேட்டில் ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

ஆச்சி படுக்கையில் விழுந்த கடைசி வருடத்தில், ஒரு மத்தியானம், நான் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள். “அவ விழலட்டி.”

அவ்வளவுதான். யார் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி கேட்டேன். தண்ணீர் கேட்டாள்.

அந்த வீட்டில் யாரோ ஒருவர், அல்லது அந்த வீடே, அந்தப் பிள்ளையைக் கொன்றிருக்கிறது. பிறகு அவளையே காவலுக்கும் வைத்திருக்கிறது. எழுபது எண்பது வருடமாகச் சிற்றாடையைக் கொடுத்து அவளிடம் வேலை வாங்குகிறோம். காக்கப்பட வேண்டியவளைக் காக்கத் தவறிவிட்டு, செத்ததும் அவளுக்குக் காவல் தேவதை என்று பட்டம் கட்டுவதில் எங்கள் ஊருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் வித்தியாசம் இல்லை. கல்லறைக் கல்லை வைத்தவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆச்சியின் அன்பையும் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பு வந்து சேர்ந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் மகள் கேட்டாள். மறக்கவே இல்லை.

“தேடுனியாம்மா?”

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவளுக்கு அந்தச் சிறுமியின் வயதுதான். முழுவதையும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை உன் வயதில் இறந்துவிட்டாள், அவள் அப்பாவே அவளையும் அம்மாவையும் கொன்றுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். எழுவாயை விடாமல் சொன்னேன். தோசை ஆறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

“யாருக்குமே தெரியாதா, அவர் அடிக்கிறது?”

“தெரியும். நாலைஞ்சு பேருக்குத் தெரியும்.”

“அப்போ சார்லி மாதிரி யாரும் ஏன் போகல?”

“அவ அம்மா கிளம்பப் போறேன்னு சொன்னாங்க. சரின்னு விட்டுட்டாங்க.”

“எப்போ கிளம்புவாங்கன்னு கேக்கலையா?”

பத்து வயதுக் குழந்தைக்குத் தோன்றும் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் வாரத்தில் கரும்பலகையின் ஓரத்தில் 181 என்று எழுதுவேன், பெண்களுக்கான உதவி எண். 1098 என்றும் எழுதுவேன், குழந்தைகளுக்கானது. வீட்டில் தம்பி தங்கை இருப்பவர்கள் இரண்டாவதையும் குறித்துக்கொள்ளச் சொல்வேன். சில பெண்கள் எழுதிக்கொள்வார்கள். சிலர் எழுதாமல் எண்ணை வெறித்துப் பார்ப்பார்கள். எழுதாதவர்களைக் கவனித்துக்கொள்வேன். யாராவது வந்து சொன்னால், முதலில் உட்காரச் சொல்வேன். கிளம்பப் போகிறோம் என்று சொன்னால் மூன்று கேள்வி கேட்பேன். எப்போது? எங்கே? உங்களோடு யார் வருகிறார்கள்? பதில் இல்லாத கேள்விக்கு நாங்கள் சேர்ந்து பதில் தேடுவோம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண் என் கைபேசியில் இருக்கிறது. பேசியதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த வாரம் இன்ன கிழமை மறுபடி கேட்பேன் என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். சொன்னபடி கேட்கிறேன்.

இதில் அற்புதம் எதுவும் நடப்பதில்லை. ஒரு மாணவியின் அம்மாவுக்கு மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்க நான்கு மாதம் ஆனது. இன்னொருத்தி, என் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டீர்கள் என்று என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தால் வராந்தாவில் திரும்பி நடப்பாள். நடக்கட்டும். திரும்பி நடக்க அவள் இருக்கிறாள்.

சார்லியைத் தேவதையாக ஆக்கியது சிறகில்லை என்று அந்தத் தொடரை மறுபடி பார்த்தபோது தோன்றியது. அவன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் சொதப்புகிறான், ஏமாற்றப் பார்க்கிறான், தப்பி ஓடப் பார்க்கிறான். ஆனால் மேலேயிருந்து அனபெல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வேலை முடிந்ததா என்று. அவன் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. வேலை முடியும்வரைக்கும் கணக்குத் தீராது.

வாடகை வீடு மாறியாயிற்று. புது வீட்டுக்காரம்மா நாய்க்குச் சம்மதித்துவிட்டார். தெருவில் கிடந்த குட்டி ஒன்றை மகள் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். சார்லி என்று பெயர் வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஜூடித் என்று வைத்திருக்கிறாள். வாசலில் யார் வந்து நின்றாலும் குரைக்கிறது. பால்காரர், தபால்காரர், நான் என்று பேதமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்சம் குறைபட்டுக்கொள்கிறார்கள். குரைக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.